வித்துகளின் வெப்பத்தாங்குதிறன்: கனிமங்களின் பங்கு

பாசில்லஸ், கிளாஸ்ட்ரிடியம் ஆகிய பேரினங்களைச் சேர்ந்த பாக்டீரியாக்கள் ஊட்டம் குறையும்போது தம்முள் உருவாக்கிக்கொள்ளும் உறங்குநிலை வடிவம் அகவித்து. இது கொதிநீரிலும் பிழைக்கும். உள்ளகத்தின் வறட்சியும் அங்கே செறிந்துள்ள கனிமங்களும், குறிப்பாகக் கால்சியமும், இதன் உறுதிக்கு முக்கியக் காரணங்கள்.

தொடக்கம்: 1876இல் பெர்டினாண்ட் கோன் வைக்கோல் ஊறல்நீரில் வளரும் பாக்டீரியாவிலும், ராபர்ட் கோக் ஆந்த்ராக்ஸ் கிருமியிலும் வித்துகளை விவரித்தனர். அடுத்த ஆண்டு ஜான் டிண்டல், விட்டுவிட்டுச் சூடாக்கி அவற்றை அழிக்கும் முறையைக் கண்டார். 1922இல் எஸ்டி, மேயர் இருவரும் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் வித்துகளின் தாங்குதிறனை அளந்தனர். டின் உணவுத் தொழிலின் வெப்ப அளவுகளுக்கு அதுவே அடிப்படையாயிற்று.

கனிம ஆய்வுகள்: 1953இல் ஜோன் பவல் வித்துகளில் டைபிகோலினிக் அமிலத்தைக் கண்டறிந்தார். வித்தின் உலர் எடையில் இது ஏறத்தாழ 5 முதல் 15 விழுக்காடு. பெரும்பாலும் கால்சியத்தோடு இணைந்தே இருக்கிறது. வித்து முளைக்கும்போது இரண்டும் வெளியேறுகின்றன, தாங்குதிறனும் போய்விடுகிறது. வித்து உருவாகும் ஊடகத்தில் கால்சியமும் மாங்கனீசும் எவ்வளவு உள்ளன என்பதைப் பொறுத்தும் அதன் உறுதி மாறும். பெண்டர், மார்க்விஸ் ஆகியோர் 1985இல் வெளியிட்ட ஆய்வு தனிச் சிறப்புடையது. அமிலத்தால் வித்துகளின் கனிமங்களை நீக்கி, ஒவ்வொரு உலோகத்தையும் தனித்தனியே மீண்டும் ஏற்றிப் பார்த்தனர். சோடியம் உதவவில்லை. பொட்டாசியமும் மக்னீசியமும் ஓரளவு உதவின. கால்சியமோ மாங்கனீசோ ஏற்றிய வித்துகளே மிகுந்த உறுதி காட்டின. ஒரே வித்தை வலுவிழக்கச் செய்து மீண்டும் வலுவூட்ட முடிந்தது இந்த ஆய்வின் அழகு.

கருத்து வேறுபாடு: கனிமங்கள் நேரடியாகக் காக்கின்றனவா, உள்ளகத்து நீரைக் குறைப்பதன்வழிக் காக்கின்றனவா என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. டைபிகோலினிக் அமிலம் இல்லாமலும் ஓரளவு வெப்பம் தாங்கும் திரிபுகள் கிடைத்திருப்பதால், அந்த அமிலம் ஒன்றையே காரணமாகக் கூறுவது இயலாது. டிஎன்ஏவைப் போர்த்தும் சிறு புரதங்களின் பங்கும் பிற்காலத்தில் தெளிவாயிற்று.

தூத்துக்குடிக் கரையில்: வித்துகளில் கண்ட கால்சியமும் மக்னீசியமும் கடலுப்பிலும் உண்டு. தமிழ்நாட்டு உப்பில் பெரும்பகுதி தூத்துக்குடி மாவட்ட உப்பளங்களில் விளைகிறது. பாத்தியில் உவர்நீர் செறியச் செறிய, கால்சியம் சல்பேட் முன்னதாகவே படியும். சோடியம் உப்பு பிறகு விளையும். மக்னீசியம் பெரும்பாலும் எஞ்சிய கசப்புநீரில் தங்கும். ஆயினும் கல்லுப்பில் கால்சியமும் மக்னீசியமும் சிறிதளவு ஒட்டிக்கொண்டே வரும். அவை மிகுந்தால் மீனுக்குள் உப்பு இறங்குவது தாமதமாகி, கருவாடு வெளுத்து இறுகிக் கசக்கும். இவ்வூர்க் கருவாட்டைக் காப்பது உப்பும் வெயிலும் ஈரத்தைப் பறிப்பதே. நீரற்ற நிலையில் வித்து முளைக்காது, அழிவதும் இல்லை. உலர்ந்த நிலையில் அதன் வெப்பத்தாங்குதிறன் பொதுவாகக் கூடவே செய்கிறது.

தொழில் அளவில், அண்மையில் உயர் அழுத்தத்தையும் வெப்பத்தையும் இணைத்து வித்துகளை அழிக்கும் முறைகள் ஆராயப்படுகின்றன.

வீட்டிலோ, ஊறவைத்த கருவாடும் அதில் வைத்த குழம்பும் மீண்டும் ஈரம் பெற்றவை; அவற்றில் வித்துகள் முளைக்கலாம். ஒருமுறை கொதித்துவிட்டது என்பதால் அவற்றில் வித்துகள் இல்லை என்று கொள்ளலாகாது. சமைத்ததை அன்றே உண்ணவேண்டும், அல்லது விரைவில் ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கவேண்டும்.