முதல் தரம் என்னும் சொல்

பெங்களூரின் வடமேற்கே அமைந்த பீன்யாத் தொழிற்பேட்டையில் பட்டறைகளையும் ஆலைகளையும் நம்பி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. தம் மக்களைக் கல்லூரியில் சேர்க்கும் பருவத்தில் இவர்கள் ஒரு விந்தையைக் காண்கிறார்கள். கர்நாடகத்தில் அரசாங்கக் கல்லூரிகளின் பெயர்ப்பலகைகளில் 'சர்க்காரி பிரதம தர்ஜெ காலேஜு' என்று எழுதியிருக்கிறது. எல்லாம் முதல் தரமானால் இரண்டாந் தரம் எங்கே என்று புதிதாய் வந்தவர் வினவுதல் இயல்பே.

விடை பழைய சரித்திரத்தில் உள்ளது. 1857-ல் சென்னைச் சர்வகலாசாலை நிறுவப்பெற்றது. அதனுடன் இணைந்த கலாசாலைகளில் எஃப்.ஏ. வகுப்பு வரை மட்டும் நடத்தியவை இரண்டாந் தரம், பி.ஏ. வரை நடத்தியவை முதல் தரம். தரம் என்பது அன்று படிப்பின் உயரத்தைக் குறித்ததேயன்றிக் கற்பித்தலின் சிறப்பைக் குறித்ததன்று. மைசூர் ராஜ்யத்துக் கல்லூரிகளும் 1916-ல் மைசூர்ச் சர்வகலாசாலை தோன்றும் வரை சென்னையுடனேயே இணைந்திருந்தன. விசுவேசுவரய்யாவும் ராஜாஜியும் பயின்ற பெங்களூர் சென்ட்ரல் கல்லூரி அவற்றுள் ஒன்று.

அக்காலத்துக் கல்லூரி ஒன்று நல்லதா என்று அறிய ஒரே வழி பரீட்சைத் தேர்ச்சிக் கணக்குத்தான். அதன் தீமையை 1902-ஆம் ஆண்டின் சர்வகலாசாலைக் கமிஷன் கண்டது: போதனைக்காகப் பரீட்சை என்ற நிலை மாறி, பரீட்சைக்காகப் போதனை என்றாகிவிட்டதென அது குறைகூறிற்று. அளவுகோல் ஒன்றை நாட்டினால் அளக்கப்படுவது அதற்கேற்ப வளைந்துகொள்ளும் என்பதை நம் நாடு இவ்வாறு முன்னரே அறிந்திருந்தது.

கல்லூரிகளை ஒன்றின் பின் ஒன்றாக வரிசைப்படுத்தும் வழக்கமோ அமெரிக்காவில் வளர்ந்தது. கொலம்பியா சர்வகலாசாலையின் மனவியல் பேராசிரியர் காட்டெல் என்பார், தலைசிறந்த விஞ்ஞானிகள் எந்தெந்த நிறுவனத்தில் எத்தனை பேர் உள்ளனர் என்று எண்ணி 1910-ல் ஒரு வரிசை வெளியிட்டார். பெரியோரை எண்ணினாரேயன்றி, அவர்களிடம் மாணவர் என்ன கற்றனர் என்பதை அவர் கேட்கவில்லை.

மறு ஆண்டில் பாப்காக் என்னும் கல்வி அதிகாரி வேறு வழியில் முயன்றார். ஒரு கல்லூரியில் பட்டம் பெற்றவர் எம்.ஏ. பட்டத்துக்கு ஓராண்டில் தகுதி பெறுவாரா, கூடுதல் காலம் வேண்டியிருக்குமா என்பதையே அளவாகக் கொண்டு 344 கல்லூரிகளை வகுப்புகளாகப் பிரித்தார். கற்றவரைக் கொண்டு கல்லூரியை மதிப்பிட்ட அரிய முயற்சி இது. கல்லூரித் தலைவர்கள் கொதித்தெழுந்தனர். ஜனாதிபதி டாஃப்ட் வெளியிடாமல் நிறுத்தினார். அடுத்து வந்த வில்சனும் அதை வெளியிட இசையவில்லை. நேர்மையான வினாவைக் கேட்ட பட்டியலே முடக்கப்பட்டது என்பது நமக்கு வியப்பளிக்கவில்லை.

பின்னர் 1983-ல் அமெரிக்கச் செய்தி வார இதழ் ஒன்றும், 2003-ல் ஷாங்காய் நகரத்துச் சர்வகலாசாலை ஒன்றும் பட்டியல்கள் வெளியிட, உலகெங்கும் இது பரவிற்று. இந்திய அரசாங்கம் 2015-ல் தேசிய தரவரிசைத் திட்டத்தைத் தொடங்கி, 2016-ல் முதற் பட்டியலை வெளியிட்டது.

அவ்வாண்டு முதல் 2025 வரை சர்வகலாசாலைகளுள் முதலிடம் பெற்று வருவது, பெங்களூரார் 'டாட்டா இன்ஸ்டிடியூட்' என்றழைக்கும் இந்திய விஞ்ஞானக் கழகம். பீன்யாவிலிருந்து யசவந்தபுரம் வழியாகச் சில மைல் தூரமே அது. 1909-ல் நிறுவப்பெற்ற அக்கழகம் இளநிலை மாணவரைச் சேர்க்கத் தொடங்கியது 2011-ல்தான். அதன் ஆராய்ச்சிப் பெருமையை யாரும் மறுக்கவியலாது. ஆயினும், மகளை பி.காம். படிக்கவைக்க விரும்பும் பீன்யாத் தொழிலாளிக்கு அந்த முதலிடம் எதைத் தெரிவிக்கும்?

சர்வகலாசாலைகளுக்கான இப்போதைய கணக்கில் நூற்றுக்கு 30 பங்கு போதனைக்கும் வசதிகளுக்கும், 30 ஆராய்ச்சிக்கும், 20 பட்டம் பெற்றோரின் நிலைக்கும், 10 பலதரப்பினருக்கும் இடமளிப்பதற்கும், 10 பிறர் மதிப்புக்கும் உரியவை. போதனை என்ற தலைப்பின் கீழும் எண்ணப்படுவன ஆசிரியர் தொகை, அவர்தம் பட்டங்கள், செலவிட்ட பணம் போன்றவையே. வகுப்பறைக்குள் எவரும் நுழைந்து பார்ப்பதில்லை. ரெவின்யூ இலாகாவில் நிலத்தைத் தரம் பிரிக்கும் அதிகாரியாவது வயலில் இறங்கி மண்ணைப் பார்த்தார்!

மேலும், கணக்குகளைத் தருவன கல்லூரிகளே. 2022-ல் கொலம்பியாவில் நிகழ்ந்ததைக் கூறலாம். இரண்டாமிடத்தில் இருந்த அச்சர்வகலாசாலை தந்த எண்கள் ஐயத்திற்குரியவை என்று அதன் கணிதப் பேராசிரியர் தாடியஸ் எடுத்துக்காட்டினார். அடுத்த பட்டியலில் அது 18-ஆம் இடத்திற்கு இறங்கியது. காட்டெல் பணியாற்றிய அதே கொலம்பியாதான். ஓராண்டுக்குள் அங்கே போதனை பதினாறு படி தாழ்ந்துவிட்டது என்று யாரும் நம்பமாட்டார்கள். தாழ்ந்தவை எண்கள் மட்டுமே.

எனினும் இத்திட்டத்தால் ஒரு நற்பயனுண்டு. பங்குகொள்ளும் கல்லூரி ஒவ்வொன்றும் எத்தனை ஆசிரியரை வைத்திருக்கிறது, சேர்ந்தவருள் எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் பெற்றனர், எத்தனை பேர் மேற்படிப்புக்குச் சென்றனர் என்பவற்றை வெளிப்படையாக எழுதித் தர வேண்டியிருக்கிறது. இடத்தின் எண்ணை விட்டு இந்தக் கணக்குகளைப் படிக்கும் பெற்றோர், பாப்காக் கேட்ட வினாவுக்கு ஓரளவு அருகில் வருகிறார்கள். ஆசிரியர் பாடம் நடத்தும் பாங்கு அக்கணக்குகளிலும் இல்லை. அதை அக்கல்லூரியில் இப்போது படித்துக்கொண்டிருக்கும் மாணவரிடந்தான் கேட்டறிய வேண்டும்.