பேரும் ஊரும் விளையாட்டும்



இரட்டைமலை சீனிவாசன் 1939இல் எழுதிய 'ஜீவிய சரித்திர சுருக்கம்' மிகச் சிறிய நூல். தம் பள்ளிப் பருவத்தை அதில் அவர் சில வரிகளிலேயே சொல்லிக் கடந்துவிடுகிறார். கோயம்புத்தூரில் அவர் படித்த கலாசாலையில் ஏறக்குறைய 400 மாணவர்கள். அவர்களில் சுமார் 10 பேர் தவிர மற்ற எல்லாரும் பிராமணப் பிள்ளைகள். ஊர் எது, குலம் எது என்று யாராவது கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற அச்சத்தில், மணி அடிக்கும்வரை வெளியிலேயே இருந்து படித்துவிட்டு, அதன் பிறகே வகுப்புக்குள் போவாராம். வகுப்பு முடிந்ததும் மற்றப் பிள்ளைகள் வந்து சேர்ந்துகொள்வதற்குள் விரைந்து வீடு போய்விடுவாராம். அவர்களோடு கூடி விளையாட முடியவில்லையே என்று மனம் கலங்கியதையும் எழுதியிருக்கிறார்.

சட்டசபையில் முழங்கியவர், டாக்டர் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தவர், ஏறத்தாழ எண்பது வயதில் தம் வாழ்வைத் திரும்பிப் பார்க்கும்போது, விளையாடாமல் போன மாலைகளையும் மறக்காமல் குறித்து வைத்திருக்கிறார். விளையாடப் போனால் ஊர்ப்பேரைக் கேட்பார்கள். ஊர்ப்பேரைச் சொன்னால் விளையாட்டு நின்றுபோகும். இந்த முடிச்சைத்தான் அவருடைய நினைவுச் சொற்பொழிவான இன்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அவர் பிறந்த கோழியாளம் இருக்கும் செங்கல்பட்டுச் சீமையையே நம் களமாகவும் கொள்கிறோம்.

1. சேரியும் காலனியும்

இந்தச் சீமையின் ஊர்ப்பெயர்களைப் படித்துக்கொண்டே போனால் சில விந்தைகள் கண்ணில் படும். 'சேரி' என்ற சொல்லையே பாருங்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் பராந்தக சோழன் காலத்தவை. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்டவை. குடவோலை முறைக்காக நம் பாடப்புத்தகங்கள் கொண்டாடும் அந்தக் கல்வெட்டுகள், 30 குடும்புகளையும் 12 சேரிகளையும் பேசுகின்றன. அது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம்; அந்தச் சேரிகளில் குடியிருந்தவர்கள் அவர்களே. சேர்ந்து வாழும் இடம் சேரி என்பதற்கு மேல் அன்று அச்சொல்லில் இழிவு எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

அடுத்த நூற்றாண்டில் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு விட்ட ஊர்களின் பட்டியலைக் கல்வெட்டில் பார்க்கிறோம். வரி நீக்கிய நிலங்களைக் கணக்கெடுக்கும்போது ஊர்நத்தம், குளம், வாய்க்கால் என்று வரும் வரிசையில் பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு ஆகியவையும் வருகின்றன. குடியிருப்பின் பெயருக்குள் தொழிலும் சாதியும் ஏறிவிட்டதற்கும், 'தீண்டா' என்ற சொல் நிலக்கணக்கிலேயே இடம் பிடித்துவிட்டதற்கும் இந்தக் கல்லே சாட்சி. பிற்காலத்தில் அக்கிரகாரம் சேரி என்ற பெயரை உதறிக்கொண்டது. அந்தப் பெயர் நம்மோடு தங்கிவிட்டது.

20ஆம் நூற்றாண்டில் 'காலனி' வந்தது. அரசு மனை ஒதுக்கி வீடு கட்டிக்கொடுத்த இடங்களுக்கு ஆதிதிராவிடர் காலனி, அரிஜன காலனி என்று பெயரிட்டார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சென்னையில் ரயில்வே காலனி என்றாலும் வங்கி ஊழியர் காலனி என்றாலும் மதிப்பு குறைவதில்லை. அங்கே வீடு கிடைத்தால் பெருமை. அதே சொல் செங்கல்பட்டைத் தாண்டிக் கிராமத்துக்குள் நுழைந்ததும் சாதிப் பெயராகிவிடுகிறது. பேருந்தில் ஒரு நிறுத்தத்துக்கு ஊர்ப்பெயர். அடுத்த நிறுத்தத்துக்கு அதே பெயரோடு ஒரு 'காலனி'. எங்கே இறங்குகிறீர்கள் என்ற கேள்விக்குச் சொல்லும் பதிலிலேயே சாதி தெரிந்துவிடும். சீனிவாசன் பள்ளி வாசலில் அஞ்சிய கேள்வியை இன்று நடத்துநர் கேட்கிறார், அவ்வளவுதான்.

2. யாருக்குப் பொழுதுபோக்கு?

கிராமத்து விளையாட்டுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் கிட்டிப்புள், கோலி, பம்பரம், சடுகுடு, கிளித்தட்டு, சிலம்பம், தெருக்கூத்து என்று பட்டியல் போட்டுப் பழைய காலத்தை நினைத்துப் பெருமூச்சு விடுவார்கள். அந்தப் பட்டியலிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: விளையாட நேரம் யாரிடம் இருந்தது, இடம் யாரிடம் இருந்தது?

முதலில் நேரம். தேர் ஓடுவது ஊருக்குத் திருவிழா. தேருக்கு முன்னால் பறை அடித்தவருக்கு அது ஊழியம். வேட்டை துரைக்கும் ஜமீனுக்கும் பொழுதுபோக்கு. புதரைக் கலைத்து விலங்கை விரட்டிவிட்டவருக்கு அது கட்டாய வேலை. ஒருவருடைய விளையாட்டு இன்னொருவருடைய உழைப்பாக இருந்த ஊரில் 'நாட்டுப்புற விளையாட்டு' என்று பொதுவாகப் பேசுவது உண்மையைப் பாதியாக்கிச் சொல்வதாகும். படியாளாக விடப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு ஓய்வு என்று ஒன்று கிடைத்தால், அது மாடு மேய்க்கும்போது கிடைத்ததுதான். மாடு மேய்கிற நேரத்தில் கிட்டிப்புள் ஆடினான். பாறையில் கோடு கீறி ஆடுபுலி ஆடினான். வேலைக்குள்ளிருந்து திருடிக்கொண்ட நேரம் அது.

அடுத்தது இடம். செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராகப் பொறுப்பு வகித்த திரமென்ஹீர் பறையர் மக்களின் நிலைபற்றி எழுதிய அறிக்கையே 1892இல் பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு வழி திறந்தது. நிலத்தைப் பற்றி மட்டும் அது பேசவில்லை. சேரி மக்கள் குடிசை போட்டிருந்த மனையையும் தமக்கே உரியது என்று மிராசுதார்கள் கோரியதையும், அதைக் காட்டியே அவர்களை அடக்கி வைத்திருந்ததையும் அது எடுத்துச் சொன்னது. எதிர்த்துப் பேசினால் மனையைவிட்டு எழுந்து போக வேண்டும். காலடி மண்ணே தன்னுடையதாக இல்லாதவனுக்குத் திடல் ஏது? ஊரின் நடுவிலுள்ள மந்தைவெளியும் களத்துமேடும் கோயில் வாசலும் பொது என்று பேச்சுக்குச் சொல்லப்பட்டன. அந்தப் பொதுவுக்குள் நாம் இல்லை.

1924இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். எந்த நகரத்திலும் கிராமத்திலும் பொதுச் சாலை, தெரு, பாதை வழியாக எந்த வகுப்பாரும் நடக்கலாம். பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம், பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவற்றை அணுகலாம் என்றது அது. அரசு அதை ஆணையாகவும் ஏற்றது. தெருவில் நடக்கும் உரிமை என்று மட்டுமே இதை நாம் சுருக்கிச் சொல்லி வருகிறோம். 'பொதுமக்கள் கூடும் இடம்' என்ற பகுதியையும் சேர்த்துப் படித்தால் மந்தைவெளியும் திடலும் அதில் அடங்கும். கூடி விளையாட முடியாத சிறுவன் அறுபது வயதைத் தாண்டிய பின் சட்டசபையில் கேட்ட இடம் அது என்று நாம் படிக்கிறோம்.

3. ஏரி உள்வாய்

செங்கல்பட்டுச் சீமை ஏரிகளின் சீமை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பும் ஏரி, பாசனத்துக்குப் போகப் போக வற்றி, சித்திரை, வைகாசியில் உள்வாய் வெடித்துக் கிடக்கும். எங்களில் பலர் மட்டை பிடித்த முதல் மைதானம் அதுதான். அதற்குக் காரணம் உண்டு. அது ஏரிப் புறம்போக்கு. 'என் நிலம், எழுந்து போ' என்று சொல்ல அங்கே யாருக்கும் பட்டா இல்லை. வேலிகாத்தானை வெட்டி, கட்டிகளை உடைத்து, தண்ணீர் தெளித்துக் காலால் மிதித்து ஆடுகளத்தைச் சமப்படுத்துவோம். அடுத்த மழையில் அது முழுகிப்போகும். ஆண்டுதோறும் புதிதாய் உண்டாக்கி ஆண்டுதோறும் இழக்கும் மைதானம் அது.

அங்கிருந்துதான் நம் அணிகள் கிளம்பின. அணி என்று ஒன்று அமைந்ததும் அதற்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. கல்வெட்டும் வருவாய்த்துறையும் ஊர்க்காரர்களும் பெயர் வைத்த வரலாற்றில், காலனி இளைஞர்கள் தாங்களே உட்கார்ந்து தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்ட இடங்களில் ஒன்று விளையாட்டுக் குழு. அம்பேத்கர் பெயரும் புத்தர் பெயரும் நீல நிறமும் நட்சத்திரமும் அப்படித்தான் பனியன்களில் ஏறின. பக்கத்து அரக்கோணத்தைக் களமாகக் கொண்டு 2024இல் வெளிவந்த 'ப்ளூ ஸ்டார்' திரைப்படம், காலனி அணியும் ஊர் அணியும் மோதும் கதையைச் சொன்னபோது, பலருக்கு அது தங்கள் கோடைக்காலமாகவே தெரிந்தது.

நாங்கள் பார்த்த ஒரு போட்டியைச் சொல்கிறோம். டென்னிஸ் பந்துப் போட்டி, சுழற்கோப்பை, நுழைவுக் கட்டணம், ஒலிபெருக்கி, எல்லாம் வழக்கம்போல. வர்ணனை செய்தவர் மற்ற அணிகளை அவற்றின் பெயரால் அழைத்தார். ஓர் அணியை மட்டும் 'காலனி டீம் டாஸுக்கு வரவும்' என்றார். அந்த அணித்தலைவர் களத்துக்குப் போகாமல் நேராக மேடைக்குப் போனார். "அண்ணே, நோட்டீஸ்ல எங்க டீமுக்கு ஒரு பேரு போட்டிருக்கு. அதப் படிங்க, டாஸுக்கு வரோம்" என்றார். குரலை உயர்த்தவில்லை, இடத்தைவிட்டு நகரவும் இல்லை. கூட்டம் சற்று நேரம் அமைதியாயிற்று. பிறகு ஒலிபெருக்கியில் அந்தப் பெயர் வந்தது. அன்றைய ஆட்டத்தில் அவர்கள் தோற்றார்கள். திரும்பி வரும் வழியில் தோல்வியைப் பற்றி யாரும் பேசவில்லை.

வென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியும் நமக்குண்டு. 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில் தேர்வெழுதப் பேருந்தில் போன தலித் மாணவர் ஒருவர் வெட்டப்பட்டு விரல்களை இழந்தார். கபடிப் போட்டியில் வென்றதே காரணம் என்றார்கள் குடும்பத்தார். நம் பிள்ளைகள் தோற்கும்வரை விளையாட்டு பொது. வென்றுவிட்டால் அதற்குள்ளும் சாதி எழுந்து நிற்கிறது.

4. பெயரை யார் வைப்பது?

2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. இது நமக்கு முதல் பெயர்மாற்றம் இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எம்.சி. ராஜா சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்தின் பேரில் 1922இலேயே 'ஆதிதிராவிடர்' என்ற பெயர் அரசு ஏற்பைப் பெற்றது. அந்த மதிப்புமிக்க பெயரோடு 'காலனி' சேர்ந்து சில பத்தாண்டுகளில் பழைய இழிவு புதிய சொல்லில் குடியேறியதை நாம் கண்டோம். இழிவு சொல்லில் இருந்ததில்லை. தனியே ஒதுக்கி வைத்த அந்த இடத்தில் இருந்தது. இடம் அப்படியே இருக்கும்போது எந்த நல்ல பெயரும் சில ஆண்டுகளில் கறைபட்டுவிடும்.

நம் முன்னோர்கள் இதை அறிந்தே இருந்தார்கள். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் இதழ் தொடங்கியபோது 'பறையன்' என்றே அதற்குப் பெயர் வைத்தார். ஒளித்துவைத்தால்தான் அச்சம் என்று கருதி, ஒளித்த பெயரையே முகப்பில் அச்சிட்டார். கலாசாலை வாசலில் பதில் சொல்லாத சிறுவன் ஊருக்கெல்லாம் கேட்கும்படி சொன்ன பதில் அது. அயோத்திதாசர் அந்தப் பெயரையே மறுத்தார். பிறர் சூட்டிய இழிவு என்றார். 1907இல் அவர் தொடங்கிய இதழ் விரைவில் 'தமிழன்' என்ற பெயரோடு நின்றது. இருவரும் எதிரெதிராக வாதாடினார்கள். ஆனாலும் ஒன்றில் ஒத்துப்போனார்கள்: என் பெயரை நானே சொல்வேன். ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்ற அந்த அணித்தலைவர், இருவருக்கும் பேரன்.

ஆகவே மாணவர்களிடம் இரண்டு பணிகளை வைக்கிறோம். ஒன்று, உங்கள் வட்டத்திலுள்ள ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஆவணத்தில் என்ன பெயர், ஊர் அழைக்கும் பெயர் என்ன, அங்குள்ள மக்கள் விரும்பும் பெயர் என்ன என்று மூன்றையும் எழுதுங்கள். புதிய பெயர் வைக்கும்போது மூன்றாவதையே கேட்டு, கிராமசபையில் அங்குள்ளோர் வாயாலேயே தீர்மானமாக்குங்கள். இரண்டு, அந்தப் பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள், அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று அதே தாளின் மறுபக்கத்தில் எழுதுங்கள். ஊர்த்திடலில் இடம் உண்டா, மழைக்காலத்தில் எங்கே போகிறார்கள், பெண் பிள்ளைகள் எங்கே ஆடுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். பெயர்ப்பலகை மாற்ற ஒரு நாள் போதும். மழையில் முழுகாத ஒரு மைதானத்தை வாங்கத்தான் போராட வேண்டியிருக்கும்.

பள்ளி விட்டதும் வீட்டுக்கு ஓடிய ஒரு பிள்ளையின் பெயரால் நாம் இங்கே கூடியிருக்கிறோம். இனி நம் பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடட்டும். ஊர்ப்பேரைக் கேட்டால், நின்று சொல்லட்டும்.

ஜெய்பீம்.