சுவருள் பதித்த வெப்பமூட்டிக் குழாய்கள்

சுவருள் பதித்த வெப்பமூட்டிக் குழாய்கள் என்பவை, ரேடியேட்டர் எனப்படும் வெப்பமூட்டிக்குச் சுடுநீரைக் கொண்டுசெல்லும் குழாயும், ஆறிய நீரைக் கொதிகலனுக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாயும் வெளியே தெரியாதவாறு சுவரினுள் அமைக்கப்படுபவை ஆகும். இங்கிலாந்தின் பழைய வீடுகள் பல கணப்படுப்பை நம்பிக் கட்டப்பட்டவை. மைய வெப்பமூட்டல் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டதால் குழாய்கள் சுவரின் மேலேயே ஓடின. வீட்டைப் புதுப்பிக்கும்போது இவற்றை மறைக்க விரும்புவோர் பலர். தோற்றத்திற்காகச் செய்யப்படும் இவ்வேலை, சுவரின் வலிமையையும் பாதிக்கக்கூடியது.

காடியின் ஆழம்

செங்கற் சுவரில் குழாய்க்காக வெட்டப்படும் பள்ளம் காடி எனப்படும். இங்கிலாந்தின் கட்டிட விதிகளுக்கான 'ஏ' வழிகாட்டி ஆவணத்தின்படி, செங்குத்துக் காடி சுவர்த் தடிப்பின் மூன்றில் ஒரு பங்கையும், கிடைக் காடி ஆறில் ஒரு பங்கையும் மீறலாகாது. நடுவில் இடைவெளி விட்டுக் கட்டிய இரட்டைச் சுவராயின், காடி வெட்டப்படும் ஒற்றைச் சுவரின் தடிப்பே கணக்கில் கொள்ளப்படும். அது 102.5 மி.மீ. செங்கற் சுவர் எனில் முறையே ஏறத்தாழ 34 மி.மீ., 17 மி.மீ. ஆழம் கிடைக்கும். வழக்கமான செப்புக் குழாயின் வெளிவிட்டம் 15 மி.மீ. ஆதலால் கிடைக் காடியில் குழாயைச் சுற்றி உறையிட இடமிராது. எனவே குழாய்களைத் தரைக்கு அடியில் கொண்டுசென்று, ஒவ்வொரு வெப்பமூட்டியின் கீழும் செங்குத்தாக மேலேற்றுவதே நல்ல முறை. உட்துளையுள்ள கற்களில் காடி வெட்டுவது பெரும்பாலும் தகாது.

வெப்ப விரிவு

ஒரு மீட்டர் நீளமுள்ள செப்புக் குழாய், வெப்பநிலை 60 பாகை செல்சியசு உயரும்போது ஏறத்தாழ 1 மி.மீ. நீளும். சாந்தில் இறுகப் புதைத்த குழாய் நீள இடமின்றிப் பூச்சில் வெடிப்பை உண்டாக்கும். சூடாகும்போதும் ஆறும்போதும் ஓசையும் எழும். நுரை உறை ஒன்று இவற்றைத் தவிர்ப்பதுடன், செம்பு சிமெந்துடன் நேரடியாகத் தொடுவதையும் தடுக்கிறது. வெளிச்சுவரில் பதித்தால் வெப்பத்தின் ஒரு பகுதி வெளியே வீணாகும். அங்கு வெப்பக் காப்பு இன்றியமையாதது. உட்சுவர் கிடைக்குமாயின் அதையே தெரிவு செய்யலாம்.

நெகிழிக் குழாய் செம்பைவிடப் பன்மடங்கு விரியும். எனினும் அது வளையக்கூடியது. நீண்ட சுருளாகக் கிடைப்பதால் சுவரினுள் இணைப்பே இல்லாமல் அமைக்க முடிகிறது.

கசிவு

சுவரினுள் திருகு இணைப்புகள் இருக்கக்கூடாது. பூச்சு வேலைக்கு முன்னரே, அமைப்பின் இயங்கு அழுத்தத்தைவிட உயர்ந்த அழுத்தத்தில் குழாய்களைச் சோதிக்க வேண்டும். பூசிய பின் சோதிப்பதால் பயன் குறைவு. மூடிய அமைப்புகளில் நீர் குளிர்ந்திருக்கையில் அழுத்தம் பொதுவாக 1 முதல் 1.5 பார் வரை இருக்கும். அழுத்தமானி அடிக்கடி இறங்கினால் மறைவான கசிவை ஐயுற வேண்டும். காரணம் தேடாமல் மீண்டும் மீண்டும் நீர் நிரப்புவது கேடு: புதிய நீருடன் வரும் ஆக்சிசன் எஃகு வெப்பமூட்டிகளை உள்ளிருந்தே துருப்பிடிக்கச் செய்யும்.

மறைத்த குழாயைப் பின்னாளில் ஆணியோ துளைக்கருவியோ துளைத்துவிடுவதும் உண்டு. உலோகங்காணிக்கு நெகிழிக் குழாய் எளிதில் அகப்படாது. ஆகவே பூசுமுன், அளவுநாடாவை அருகில் வைத்து ஒளிப்படம் எடுத்து வைத்தல் நன்று. குழாய்கள் சுவரிலிருந்து வெளிவரும் இடைவெளி வெப்பமூட்டியின் அகலத்திற்கு ஏற்ப அமைவதால், பின்னர் வேறு அகலமுள்ளதைப் பொருத்தச் சுவரை மீண்டும் உடைக்க நேரலாம்.