மின்னஞ்சல் ஆவணப்படுத்தல்

மின்னஞ்சல் ஆவணப்படுத்தல் என்பது ஒரு நிறுவனம் அனுப்பும், பெறும் மின்னஞ்சல்களைத் திருத்த இயலாத வடிவில், தேடி எடுக்கத்தக்க வகையில் சேமித்து வைக்கும் முறை ஆகும். எவ்வகை மடலை எத்தனை ஆண்டுகள் வைத்திருப்பது, எப்போது அழிப்பது என வரையறுக்கும் விதிகள் பேணுகைக் கொள்கை எனப்படும். இந்தியாவில் மின்னஞ்சலுக்கெனப் பொதுவான காலவரம்பு கிடையாது. மடலில் உள்ள செய்தி எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறதோ, அச்சட்டத்தின் காலவரம்பே மடலுக்கும் பொருந்தும்.

காப்புநகலில் இருந்து வேறுபாடு

வழங்கி பழுதானால் தரவுகளை மீட்பதற்காக எடுக்கப்படுவது காப்புநகல். காலையில் வந்த மடலைப் பயனர் மாலையில் நீக்கிவிட்டால், இரவில் எடுக்கப்படும் காப்புநகலில் அது இராது. ஆவணப்படுத்தலில், மடல் வழங்கியைக் கடக்கும்போதே அதன் படி தனியே பதிவாகிறது. இணைப்புக் கோப்புகள், தலைப்பகுதி, நேரம் ஆகியனவும் உடன் சேமிக்கப்படும்.

காலவரம்புகள்

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 மின்னணுப் பதிவுகளைத் தாள் ஆவணங்களுக்கு இணையாக ஏற்கிறது. இச்சட்டத்தின் 7 ஆம் பிரிவின்படி, பேணப்படும் மின்னணுப் பதிவு பின்னாளிலும் அணுகத்தக்கதாக இருத்தல் வேண்டும். அனுப்பிய இடம், சேர்ந்த இடம், நாள், நேரம் ஆகிய விவரங்களும் அதில் இருத்தல் வேண்டும்.

சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராசர் துறைமுகம் ஆகியவற்றைச் சார்ந்து இயங்கும் சுங்கத் தரகு நிறுவனங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இறக்குமதியாளர் ஒருவர் விலைப்பட்டியலை இணைத்துத் தரகருக்கு அனுப்பும் ஒரே மடலுக்குப் பல விதிகள் பொருந்தக்கூடும்:

* சுங்கத் தரகர் உரிம ஒழுங்குவிதிகள், 2018: குறைந்தது 5 ஆண்டுகள்.
* மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம், 2017: ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளில் இருந்து 72 மாதங்கள்.
* நிறுவனங்கள் சட்டம், 2013: கணக்கேடுகளும் அவற்றுக்கான பற்றுச்சீட்டுகளும் 8 நிதியாண்டுகள்.

இவற்றுள் நீண்ட காலத்தையே கொள்கையில் குறிப்பது பாதுகாப்பானது.

சான்றாகப் பயன்படல்

சேமித்த மடல் நீதிமன்றத்தில் தானாகச் சான்றாகிவிடாது. மின்னணுப் பதிவின் படியை முன்வைக்கச் சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2014 இல் அன்வர் எதிர் பஷீர் வழக்கில் தீர்ப்பளித்தது. 2020 இல் அதனை உறுதிசெய்தது. 2024 சூலை 1 முதல் பாரதிய சாக்சிய அதினியத்தின் 63 ஆம் பிரிவு இதற்குப் பொருந்துகிறது. இதன் சான்றிதழில் பதிவின் ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும்.

அழித்தலும் நிறுத்திவைத்தலும்

வழக்கோ விசாரணையோ எழும் எனத் தெரிந்தவுடன், தொடர்புடைய மடல்கள் தானாக அழிவதை நிறுத்திவைக்க வேண்டும். சான்றாகக் கூடாது என்ற நோக்குடன் மின்னணுப் பதிவை அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 241 ஆம் பிரிவின் கீழ்க் குற்றமாகும். அமெரிக்காவில் என்ரான் நிறுவனத்தின் தணிக்கையாளரான ஆர்தர் ஆண்டர்சன், 2001 இல் தனது பேணுகைக் கொள்கையைப் பின்பற்றுமாறு ஊழியருக்கு நினைவூட்டியபின் பெருமளவு ஆவணங்களை அழித்தது. 2002 இல் அது குற்றவாளி எனத் தீர்ப்பானது. 2005 இல் அத்தீர்ப்பு நீக்கப்பட்டபோதிலும், அதற்குள் நிறுவனம் சிதைந்துவிட்டது.

அனைத்தையும் என்றென்றும் வைத்திருப்பதும் தீர்வன்று. கட்டங்களாக நடைமுறைக்கு வரும் மின்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, வேறு சட்டம் பேணச் சொல்லாதவிடத்து, நோக்கம் நிறைவேறிய தனிநபர் தரவை அழிக்குமாறு கூறுகிறது.

சிறு நிறுவனங்களில்

சிறு அலுவலகங்கள் பலவற்றில் ஊழியரின் சொந்த இலவச மின்னஞ்சல் கணக்கிலேயே வணிகம் நடைபெறுகிறது. அவர் விலகும்போது கடிதப் போக்குவரத்து முழுவதும் அவருடன் சென்றுவிடும். நிறுவனத்தின் சொந்த ஆள்களப் பெயரில் கணக்குகளை அமைப்பது ஆவணப்படுத்தலின் முதற்படியாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* மின்னஞ்சல்
* தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000
* காப்புநகல்