கோல்கொண்டா பீரங்கிகள்: வார்த்த ஆண்டும் நிறுத்திய ஆண்டும்

ஐதராபாத்தின் கோல்கொண்டாக் கோட்டையில், பெட்லா புருஜ் என்னும் கொத்தளத்தின் மீது பெரிய வெண்கலப் பீரங்கி ஒன்று உள்ளது. கோட்டை குதுப் ஷாகி மன்னர்களுடையது. ஆகவே பீரங்கியும் அவர்களுடையதே என்று காண்போர் எண்ணுவது இயல்பு. அதன் மேற்பரப்பிலுள்ள பாரசீகப் பொறிப்புகள் அந்த எண்ணத்தை மறுக்கின்றன. அவை முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் பெயரையும், பீரங்கியை வார்த்த முகம்மது அலி அரப் என்னும் கைவினைஞரின் பெயரையும், ஹிஜ்ரி 1083 என்னும் ஆண்டையும் தருகின்றன. பீரங்கியின் பெயர் ஃபதே ரஹ்பர். 'வெற்றிக்கு வழிகாட்டி' என்பது பொருள்.

ஹிஜ்ரி 1083 என்பது பொ.ஆ. 1672 ஏப்ரல் இறுதி முதல் 1673 ஏப்ரல் நடுப்பகுதி வரையிலான காலம். சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. எனவே ஹிஜ்ரி ஆண்டு ஒன்றை ஒரே பொது ஆண்டாக மாற்றி எழுதுவது பெரும்பாலும் துல்லியமற்றது. முகலாயப் பொறிப்புகளில் ஆட்சியாண்டும் சேர்ந்து வருமாயின் கால எல்லை மேலும் சுருங்கும். ஔரங்கசீப்பின் ஆட்சியாண்டுகள் ஹிஜ்ரி 1068 ரமலான் முதல் நாளிலிருந்து கணக்கிடப்பட்டவை. ஆகவே 1083-உடன் 15ஆம் ஆட்சியாண்டு குறிக்கப்பட்டால் அது ரமலானுக்கு முந்தைய எட்டு மாதங்களையும், 16ஆம் ஆட்சியாண்டு குறிக்கப்பட்டால் ரமலான் தொடங்கி எஞ்சிய நான்கு மாதங்களையும் சுட்டும்.

முகலாயர் கோல்கொண்டாவைக் கைப்பற்றியது 1687 செப்டம்பரில். அதாவது, பீரங்கி வார்க்கப்பட்டு ஏறத்தாழ 15 ஆண்டுகள் கழித்தே அந்த வெற்றி கிட்டியது. எனவே ஃபதே ரஹ்பர் என்னும் பெயர் கோல்கொண்டா வெற்றியின் நினைவாக இடப்பட்டிருக்க இயலாது. அது வார்த்தபோதே இடப்பட்ட விருப்பப் பெயர். அந்த வெற்றிக்கு வழிகாட்டியதும் பீரங்கி அன்று. எட்டு மாத முற்றுகை மதிலைத் தகர்க்கத் தவறியபின், உள்ளிருந்த அப்துல்லா கான் பன்னி வாயிலைத் திறந்துவிட்டமையாலேயே கோட்டை வீழ்ந்தது.

மூசா புருஜின் நிலை இன்னும் கூர்மையானது. 1656-இல் முகலாயர் நடத்திய முற்றுகைக்குப் பின், கோட்டையின் காவலை வலுப்படுத்த அப்துல்லா குதுப் ஷா காலத்தில், 1666-இல் கட்டி முடிக்கப்பட்ட கொத்தளம் அது. பாரசீகம், தெலுங்கு ஆகிய இரு மொழிகளிலும் அங்குக் கல்வெட்டு உண்டு. அதன் மீது இன்று உள்ள அஜ்தஹா பைகர் ('பெரும்பாம்பு உருவினது') அதே முகம்மது அலி அரப் ஹிஜ்ரி 1085-இல், அதாவது 1674–75-இல், ஔரங்கசீப்புக்காக வார்த்தது. முகலாயரைத் தடுக்க எழுந்த கொத்தளத்தில் முகலாயப் பீரங்கி நிற்கிறது. கொத்தளத்தின் ஆண்டைப் பீரங்கிக்கோ, பீரங்கியின் ஆண்டைக் கொத்தளத்திற்கோ ஏற்றினால் இந்த வரலாறு மறைந்துவிடும்.

எழுத்தில்லாத பீரங்கிகளுக்கு வேறு முறை வேண்டும். தஞ்சாவூர்ப் பீரங்கி மேட்டிலுள்ள பெரும் பீரங்கி வார்க்கப்பட்டதன்று. நீள இரும்புப் பட்டைகளை உருளையாக அடுக்கி, அவற்றின் மேல் இரும்பு வளையங்களைச் சூடாக ஏற்றி இறுக்கிச் செய்யப்பட்டது. அது இரகுநாத நாயக்கர் காலத்ததெனக் கருதப்படுகிறது. அங்கே செய்முறையும் உலோக ஆய்வுமே சான்று. ஆனால் செய்முறை ஒரு நூற்றாண்டைத் தரலாம்; ஒரு குறிப்பிட்ட ஆண்டைத் தராது.

மொழிவழி வரும் பெயர்களும் எச்சரிக்கைக்குரியவை. தமிழில் 'பீரங்கி' என்பது ஐரோப்பியரைச் சுட்டும் 'ஃபிரங்கி' என்னும் சொல்லின் வழிவந்தது. ஆனால் கோல்கொண்டாவின் இவ்விரு பீரங்கிகளையும் வார்த்தவரின் பெயரில் உள்ளது 'அரப்'. சொல்லின் பிறப்பு பொருளின் பிறப்பாகாது.

அருங்காட்சியகப் பட்டியல்களில் பழைய படைக்கலங்களுக்குப் பெரும்பாலும் 'காலம்' என்று ஒரே கட்டம் ஒதுக்கப்படுகிறது. செய்த காலம், இப்போதுள்ள இடத்திற்கு வந்த காலம், அக்காலத்தை அறிவிக்கும் சான்று ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் கட்டங்கள் தேவை. அவ்வாறு பதிந்தால், மேற்சொன்ன இரண்டும் குதுப் ஷாகிகளின் தற்காப்புப் பீரங்கிகள் அல்ல, வென்றவர் விட்டுச்சென்றவை என்பது பட்டியலைப் படிக்கும் மாணவருக்கே விளங்கும்.