மூளைப் புரதங்களைப் பிரித்தறிதல்

மூளைத் திசுவில் கலந்துள்ள ஆயிரக்கணக்கான புரதங்களிலிருந்து குறிப்பிட்ட ஒன்றைப் பிரித்து இனங்காணும் உயிர்வேதியியல் முறைகள். உப்புக் கரைசலில் கரையும் தன்மை, மின்னேற்றம், எடை ஆகியவற்றில் புரதங்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதே இவற்றின் அடிப்படை.

தொடக்கம்

1965இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பிளேக் மூர் மாட்டு மூளையிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தார். அம்மோனியம் சல்பேட் 100 விழுக்காடு செறிவுற்ற கரைசலிலும் அது வீழ்படியாததால் எஸ்-100 எனப் பெயரிட்டார். 1967இல் வந்த 14-3-3 என்னும் புரதத்தின் பெயரும் அப்படியே: செல்லுலோஸ் தூணில் வடிந்த 14ஆம் பகுதி, மாவுக் கூழ்மத்தில் மின்சாரம் பாய்ச்சியபோது அது நகர்ந்து நின்ற 3.3ஆம் இடம். பணி இன்னதென்று தெரியாததால், பிரித்த வழியே பெயராயிற்று. நரம்புச் செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரட்டோனின் ஆக்கத்தின் முதற்படியை நடத்தும் டிரிப்டோபன் ஹைட்ராக்சிலேஸ் நொதியை 14-3-3 முடுக்குகிறது என 1987இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டனர்.

தமிழ்நாட்டில் இத்துறையில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முன்னோடி. அங்கு நரம்பு வேதியியல் ஆய்வை வளர்த்த பி. கே. பச்சாவத் குழுவும் அமெரிக்கரான ஜேம்ஸ் ஆஸ்டினும், மூளையின் வெண்பொருளைச் சிதைக்கும் ஒரு பரம்பரை நோயில் அரைல்சல்பேட்டேஸ்-ஏ நொதி குறைவதை 1963இல் காட்டினர்.

கூழ்மமும் எதிர்ப்பொருளும்

1970இல் லெம்லி என்னும் ஆய்வாளர் செம்மைப்படுத்திய முறையில், எஸ்.டி.எஸ். என்னும் சலவைப்பொருள் புரதங்களை விரித்து எதிர்மின்னேற்றம் பெறச் செய்கிறது. கூழ்மத்தில் சிறியவை முந்திச் செல்ல, பெரியவை பின்தங்குகின்றன. 1979இல், இவ்வாறு பட்டைகளாகப் பிரிந்த புரதங்களை மெல்லிய சவ்வுக்கு மாற்றி, குறித்த புரதத்தை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளால் தேடும் முறை வந்தது. டி.என்.ஏ.வுக்கு இத்தகைய முறை வகுத்தவரின் பெயர் சதர்ன், அதாவது தெற்கு. அதையொட்டி 1981இல் இதற்கு வேடிக்கையாக 'வெஸ்டர்ன் (மேற்கு) பிளாட்' என்று பெயர் வைத்தனர். 

திருச்சிராப்பள்ளியில்

1982இல் நிறுவப்பட்ட பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் இம்மானுவேல் ராஜன் குழு கற்றலிலும் நினைவிலும் இத்தகைய மூளைப் பொருள்களின் பங்கை ஆராய்ந்தது. குறுமூக்குப் பழந்தின்னி வௌவாலின் நுகர்குமிழில் செரட்டோனின் குறைந்தால் புதிய மணத்தைக் கற்பது தடைபடுவதை 2010இலும், ஈ.ஜி.ஆர்-1 புரதத்தின் ஆக்கத்தை அடக்கினாலும் அவ்வாறே நேர்வதை 2012இலும் வெளியிட்டது. நினைவாற்றலுக்காகச் சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் வழங்கும் நீர்ப்பிரமி, எலிகளில் டிரிப்டோபன் ஹைட்ராக்சிலேஸின் மரபணு வெளிப்பாட்டைக் கூட்டுவதாக இக்குழுவின் 2011ஆம் ஆண்டுக் கட்டுரை தெரிவிக்கிறது. 14-3-3இன் பணியைத் துலக்கிய அதே நொதிதான் இது.