தறியும் சட்டமும்

மாரெட்பள்ளியில் வாழும் தமிழர் இல்லங்கள் பலவற்றின் பிள்ளைகள் இன்று கடல் கடந்த நாடுகளில் பணியாற்றுகின்றனர். விடுமுறைக்கு வரும்போது பெற்றோர்க்குச் சட்டைகள் வாங்கி வருவது அவர்தம் வழக்கம். அன்புடன் அளிக்கப்பெறும் அச்சட்டையின் கழுத்துப் பட்டையைத் திருப்பிப் பார்த்தால், 'இந்தியாவில் தயாரிக்கப்பட்டது' என்ற சொற்கள் சில வேளைகளில் நம்மை நோக்கி நகைக்கின்றன. திருப்பூரில் தைக்கப்பெற்று, தூத்துக்குடியில் கப்பலேறி, அமெரிக்கக் கடையொன்றில் தொங்கி, மீண்டும் நம் வாயிலை வந்தடைந்த ஆடையாக அது இருத்தல் கூடும். அச்சட்டையின் பின்னே ஈராயிரம் ஆண்டு வரலாறு உண்டு. அவ்வரலாறு புகட்டும் பாடம் ஒன்றை மட்டும் இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த 'பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்கக் கடல்வணிக நூல், 'அர்கரு' என்னும் இடத்து மெல்லிய பருத்தித் துணியைக் குறிப்பிடுகிறது. அவ்வூர் சோழர்தம் உறையூரே என்பர் அறிஞர். 'மசாலியா' என்னும் பகுதியில் அத்தகைய துணி பெருமளவில் நெய்யப்பட்டதாகவும் அந்நூல் கூறுகிறது. அது மசூலிப்பட்டினத்தைச் சூழ்ந்த கடற்கரை எனக் கருதப்படுகிறது. தமிழ் மண்ணில் வேர்கொண்டு தெலுங்கு மண்ணில் வாழும் நமக்கு, இரு நாட்டுத் தறிகளும் ஒரே ஏட்டில் இடம்பெற்றிருப்பது பேருவகை அளிக்கின்றது.

நம் நகர் வழியே செல்லும் 65ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கிழக்கே மசூலிப்பட்டினத்தில் முடிவடைகிறது. கோல்கொண்டா சுல்தான்களின் பெருந்துறைமுகமாக விளங்கியது அவ்வூரே. அங்கு டச்சுக்காரர் 1605இலும் ஆங்கிலேயர் 1611இலும் பண்டகசாலை அமைத்தனர். அவர்களுக்கு முதலில் வேண்டியிருந்தவை கிழக்கிந்தியத் தீவுகளின் கிராம்பும் சாதிக்காயுமே. அவற்றை விற்ற தீவு மக்களோ சோழமண்டலக் கரையின் வண்ணத் துணியையே விரும்பினர். ஆதலின் நறுமணப் பொருளுக்கு நம் துணியே நாணயமாயிற்று. சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் துவைக்கத் துவைக்க மங்காமல் நின்றமையே அத்துணியின் சிறப்பு. தூரிகைக் கோலால் எழுதிய கலம்காரித் துணிகள் நாளடைவில் ஐரோப்பாவின் கட்டில் திரைகளாகவும் சீமாட்டியர் ஆடைகளாகவும் மாறின.

இந்த வெற்றியே வினையாக முடிந்தது. பிரான்சு 1686இல் இத்துணிகளுக்குத் தடை விதித்தது. இங்கிலாந்தில் 1700இல் நிறைவேறிய சட்டம், கீழை நாடுகளில் வண்ணம் தீட்டப்பெற்ற பருத்தித் துணிகளை உடுத்துவதை 1701 முதல் விலக்கியது. 1719இல் இலண்டன் நெசவாளர் கலகம் செய்து, பருத்தியாடை அணிந்த பெண்களின் உடைகளைத் தெருவிலேயே கிழித்தெறிந்தனர். இரண்டாம் சட்டம் 1721இல் பிறந்தது. தடை விதித்த அந்நாடு வணிகத்தைக் கைவிட்டுவிடவில்லை. இலண்டனில் இறக்கி வேற்று நாடுகளுக்கு மீண்டும் ஏற்றுமதி செய்ய நம் துணிகளுக்கு இசைவு இருந்தது. அவ்வாறு சென்ற துணிகளில் ஒரு பகுதி, மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதரையே விலைக்கு வாங்கும் பண்டமாற்றுப் பொருளாயிற்று. தன் கைத்திறன் எதற்குப் பயன்பட்டது என்பதை ஈங்கிருந்த நெசவாளி அறிந்திருக்க வழியேது? ஆர்க்ரைட்டின் நூற்பு இயந்திரம் 1769இல் காப்புரிமை பெற்றது. தம் நாட்டிலேயே பருத்தித் துணி செய்யும் ஆற்றல் வளர்ந்த பின்னர், 1774இல் ஆங்கிலேயர் அத்தடையைத் தம் நாட்டுத் துணிக்கு மட்டும் தளர்த்தினர். அடுத்த நூற்றாண்டில் லங்காஷயர் ஆலைத் துணி நம் துறைமுகங்களிலேயே வந்து குவிந்தது.

எனினும் நம் தறிகள் முற்றிலும் ஓயவில்லை. ஐரோப்பாவின் கதவு அடைபட்டபோதும் வேறு கதவுகள் திறந்திருந்தன. 'மெட்ராஸ் கைக்குட்டை' எனப் பெயர் பெற்ற கட்டம் போட்ட துணி மேற்கு ஆப்பிரிக்கா சென்றது. நைஜீரியாவின் கலபாரி மக்கள் அதனை 'இஞ்சிரி' என்றழைத்து, பிறப்பு இறப்புச் சடங்குகளில் இன்றியமையாததாகக் கொண்டனர். எண்ணெயிலும் ஆமணக்குக் காய்ச் சாம்பலிலும் நூலைப் பதப்படுத்தி நெய்யும் தேலியா ருமால், சீராலாவிலிருந்து அரபு நாடுகளுக்குச் சென்றது. இக்கலையை நம் நகருக்கு அண்மையிலுள்ள புட்டபாக்கா நெசவாளர் போற்றிக் காத்து வருகின்றனர். 2020இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

விடுதலைக்குப் பின்னரும் பழைய கதை வேறு வடிவில் தொடர்ந்தது. 1974இல் நடைமுறைக்கு வந்த பல்லிழை ஒப்பந்தம், வளரும் நாடுகள் இத்தனை ஆடைகளே அனுப்பலாம் எனச் செல்வ நாடுகள் அளவு வகுக்க இடமளித்தது. 'கோட்டா' என்ற சொல் ஏற்றுமதியாளரின் அன்றாட வழக்காயிற்று. அக்கட்டுப்பாடுகள் 2005 சனவரி 1ஆம் நாள்தான் முற்றிலும் நீங்கின. அதற்குள்ளாகவே நொய்யல் கரைத் திருப்பூர் பனியன் ஊர் என்ற நிலையினின்று உலகச் சந்தையாக உயர்ந்திருந்தது. பின்னர் 2025 ஆகஸ்டு 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது 50 விழுக்காடு வரி விதித்தபோது, அத்திருப்பூரிலேயே ஆர்டர்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. தையலில் பிழையில்லை, சாயத்திலும் குறையில்லை. ஆயினும் பொறி நிற்க, தையற்காரரின் வாரக் கூலி குறைந்தது.

நடுவண் அரசு அலுவலகத்தில் கோப்புகளிடையே காலம் கழிக்கும் நம்மனோர்க்கு, ஆணை ஒன்றின் ஒற்றை வரி எத்தனை குடும்பங்களின் அடுப்பைத் தொடும் என்பது தெரியாததன்று. 1721இலும் 1974இலும் 2025இலும் அவ்வரியை எழுதியவர் கடலுக்கு அப்பால் இருந்தார். அதன் சுமையைத் தாங்கியவர் தறியருகே இருந்தார். தரம் ஒன்றே சந்தையைக் காக்கும் என்று நம்பியிருத்தல் போதாது. இஞ்சிரியும் தேலியா ருமாலும் வாழ்ந்தமைக்குக் காரணம், அவற்றுக்கெனத் தனிச் சந்தைகள் இருந்தமையே. ஒரே வாயிலை நம்பாது பல நாடுகளை நாடுதலும், உள்நாட்டு வாங்குவோரைப் பேணுதலும், நல்ல காலத்து வருவாயில் உழைப்பவர்க்கு உரிய பங்கை முன்கூட்டியே வழங்குதலும் வேண்டும்.

அடுத்த முறை பிள்ளைகள் கொணரும் சட்டையை அணியும்போது, கழுத்துப் பட்டையின் அச்சிறு எழுத்துகளைச் சற்று நின்று படிப்போம். அதைத் தைத்த கை நம் உறவினர் கையாகவும் இருக்கலாம்.